அப்பாவின் டாக்ஸியில் ஒரு மாட்யூல்

பழைய இரும்புக்காரர் வார இறுதியில் வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அப்பாதான் பேசி முடித்திருந்தார். வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெரிய மகளோடு வந்து இருக்கப் போகிற மனிதருக்கு, தார்ப்பாய்க்கு அடியில் தூசி குடித்துக்கொண்டு நிற்கிற டாக்ஸி எதற்கு?

"எனக்குக் கண்ணு மங்கிடுச்சு. அதுக்குக் காலு விளங்கல. ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு நீ என்னம்மா பண்ணப் போற?" என்று சிரித்தார்.

பெரியவள் மறுநாள் காலையில் இழுவை வண்டியோடு வந்து நின்றாள். அப்பா வாசலில் நின்று, "அட, பிடிவாதமே!" என்றார். ஆனால் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து உருவியது அவர்தான்.

மின்சார வண்டிகளின் பேட்டரி பார்ப்பதுதான் பெரியவளுக்குத் தொழில். சொந்தமாக ஒரு ஷெட் வைத்திருந்தாள். உள்ளே ஒரு லிஃப்ட், சுவரோரம் வரிசையாகக் கருவிகள், தரையில் தடித்த ரப்பர் விரிப்பு. அங்கே எத்தனையோ வண்டிகள் ஏறி இறங்கியிருக்கின்றன. அப்பாவின் டாக்ஸி லிஃப்டில் ஏறியபோது மட்டும் அவளுக்குக் கை ஓடவில்லை. முன் சக்கரத்துக்கு மேலே இருந்த நசுங்கலைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளும் தங்கையும் வளர்ந்தது பாதி வீட்டில், பாதி அந்தப் பின் சீட்டில். ஊரில் எல்லா டாக்ஸியும் புகை கக்கிக்கொண்டு திரிந்த காலத்தில், அப்பா போய் இந்த வண்டியை வாங்கி வந்தார். ரயிலடி ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். 'பொம்மை வண்டி' என்று பேர் வைத்தார்கள். வண்டிக்குச் சத்தமே கிடையாது. தெருவில் படுத்திருக்கிற நாய் எழுந்திருக்காது. அப்பாதான் இறங்கிப் போய் அதனிடம் கெஞ்ச வேண்டும். அப்பா வந்துவிட்டது சமையலறையில் இருக்கிற அம்மாவுக்கும் தெரியாது. திடீரென்று முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார், அம்மா கரண்டியைக் கீழே போடுவாள். இப்படி நாலைந்து தரம் ஆனபிறகு அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இனிமே சத்தம் போட்டுக்கிட்டு வந்தாத்தான் சோறு." ஹாரன் அடித்தால் அக்கம்பக்கத்தில் திட்டுவார்கள். அப்பா ஒரு சைக்கிள் மணியை வாங்கி டிரைவர் கதவில் திருகிவிட்டார். மணி அடித்துக்கொண்டு வருகிற டாக்ஸி உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று பெண்கள் இருவரும் பெருமையாக நம்பினார்கள்.

இன்னொன்றையும் நம்பினார்கள். பின் சீட்டின் நடுவே ஓடுகிற தையல்தான் இருவருக்கும் எல்லைக்கோடு. ஒருத்தியின் முழங்கை கோட்டைத் தாண்டினால் போதும், உள்ளே உலகப் போர். அப்பா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "சண்டை போட்டா சார்ஜ் சீக்கிரம் தீர்ந்துடும். அப்புறம் நடந்துதான் போகணும்" என்பார். உடனே இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு, முன்னால் எரிகிற சார்ஜ் எண்ணையே பார்த்துக்கொண்டு வரும்.

அந்த வண்டிக்குத்தான் இப்போது நோய். சாவியைத் திருகினால் மின்கசிவு எச்சரிக்கை சிவப்பாக எரியும். கூடவே ஆமைப் படம் போட்ட விளக்கும் வந்துவிடும். வந்தால் வண்டி ஆமை மாதிரியேதான் நகரும். பெரியவள் கம்ப்யூட்டரை இணைத்துப் பார்த்தாள். பேட்டரி பெட்டிக்குள் மாட்யூல் என்கிற தனித்தனிப் பேட்டரித் துண்டுகள் பல ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும். அதில் பின் சீட்டுக்கு அடியில் இருக்கிற ஒன்று மட்டும் படுத்துவிட்டது. மற்றதெல்லாம் வயசுக்கு ஏற்றபடி பரவாயில்லை.

"ஒண்ணே ஒண்ணுதாம்பா கெட்டிருக்கு. அதைத் தனியாப் பிரிச்சு எடுத்துட்டு வேற ஒண்ணு வச்சா ஓடும்" என்றாள். இதே மாதிரி வண்டி ஒன்று விபத்தில் நொறுங்கி வந்தபோது எடுத்து வைத்த நல்ல மாட்யூல் ஒன்று அவளிடம் இருந்தது. அதை எதற்கு இத்தனை காலம் யாருக்கும் விற்காமல் வைத்திருந்தாள் என்று அப்பா கேட்கவில்லை.

ஆனால் அந்த வேலையை ஒற்றை ஆளாகச் செய்யக் கூடாது. உயர் அழுத்த மின்சாரத்தில் கைவைக்கிறபோது பக்கத்தில் ஓர் ஆள் காவலுக்கு நிற்க வேண்டும். அவளுடைய உதவியாள் தன் தங்கை கல்யாணத்துக்காக லீவில் போயிருந்தார்.

"நான் நிக்கறேன்" என்றார் அப்பா.

"கண்ணு தெரியாத ஆளைக் காவலுக்கு வச்சா நாளைக்கு என் கடையை மூடிடுவாங்கப்பா."

அந்த நேரத்தில்தான் சின்னவள் பையோடு ஷெட் வாசலில் வந்து இறங்கினாள். வீடு காலி செய்ய உதவிக்கு என்று வெளியூரிலிருந்து வந்திருந்தாள். ஒரு பெரிய நிறுவனத்தில் ஆள் எடுக்கிற வேலை அவளுக்கு. எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டுத் திணறடித்தவள். மின்சாரம் என்றால் மட்டும் தொடைநடுங்கி. சின்ன வயதில் இஸ்திரிப் பெட்டியில் ஷாக் அடித்ததிலிருந்து, விளக்கு ஸ்விட்சைக்கூடப் பென்சிலால்தான் தட்டுவாள்.

"வாடி, சரியான நேரத்துக்கு வந்த" என்றாள் அக்கா.

விஷயத்தைக் கேட்டதும் சின்னவள் இரண்டு அடி பின்னால் போனாள். "என்னையா? எனக்கு மொபைல் சார்ஜரைச் செருகவே பயம்கா."

"பயந்தவதான் நல்ல காவல். நீ எதையும் தொட வேண்டாம். அந்த மஞ்சள் கொக்கியைக் கையில வச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நில்லு. நான் கரண்ட்ல ஒட்டிக்கிட்டேன்னு வையி, கையால பிடிக்காத. இடுப்புல கொக்கியை மாட்டி ஒரே இழுப்பு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானாம்! ஏதோ கொடியில காயற துணியை எடுக்கச் சொல்ற மாதிரி சொல்றா பாருங்கப்பா."

அப்பா சிவப்பு நாடாவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நாடாவைத் தாண்டக் கூடாது என்று பெரியவள் உத்தரவு. "என் வண்டிக்கே நான் வெளியாளு" என்று முனகிக்கொண்டு டீ கிளாஸை வாங்கிக்கொண்டார்.

பெரியவள் தன் வாட்சைக் கழற்றி மேசையில் வைத்தாள். காதிலிருந்ததையும் கழற்றினாள். "உடம்புல உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. செயினைக் கழட்டு. வளையலையும். மோதிரத்தையும்."

சின்னவள் செயினைக் கழற்றினாள். வளையலைக் கழற்றினாள். பிறகு சும்மா நின்றாள்.

"மோதிரம்?"

"அது போடலக்கா."

அக்கா அவள் விரலைப் பார்த்தாள். கல்யாண மோதிரம் இருந்த இடத்தில் தோல் மட்டும் வெளுத்து ஒரு வளையமாகத் தெரிந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். தங்கை கண்ணால் அப்பா பக்கம் காட்டி, உதட்டை லேசாக அசைத்தாள்: அப்புறம்.

பெரியவளுக்கு அங்கேயே கேட்டுவிட வாய் வந்தது. ஆனால் அந்தத் தொழிலில் மனசு ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போகக் கூடாது. கையுறையை எடுத்து, அதன் வாயைச் சுருட்டி அழுத்தி, எங்கேயாவது காற்று கசிகிறதா என்று காதருகே வைத்துக் கேட்டாள். கசியவில்லை. ரப்பர் கையுறையை மாட்டி, அதற்கு மேல் தோல் கையுறையை மாட்டினாள். வண்டிச் சாவியை எடுத்துத் தூரத்து அலமாரியில் வைத்தாள். விளக்கு, ஹாரனுக்கான சின்ன பேட்டரியின் வயரைக் கழற்றினாள். பிறகு இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே குனிந்து, தரையில் இருந்த மூடியைத் திறந்து, ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கை வெளியே இழுத்தாள். அதைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டாள். அவளே கொடுத்தாலொழிய இனி அந்த வண்டிக்கு யாரும் உயிர் கொடுக்க முடியாது.

"முடிஞ்சுதா?" என்றாள் சின்னவள். கொக்கியை அவள் பிடித்திருந்த பிடியில் விரலெல்லாம் வெளுத்திருந்தது.

"எங்க முடிஞ்சுது? இன்வெர்ட்டருக்குள்ள தங்கியிருக்கற கரண்ட் வடியணும். கொஞ்ச நேரம் உக்காரு."

இருவரும் கவிழ்த்து வைத்த ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்தார்கள். நாடாவுக்கு அப்பால் அப்பா நாற்காலியில் தலையைச் சாய்த்திருந்தார்.

"எப்பலேர்ந்து?" என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி.

"போன வருஷமே வேற வேற வீட்டுக்குப் போயிட்டோம். இப்பத்தான் கோர்ட்டுலயும் முடிஞ்சது."

"போன வருஷமா! அப்போ வாரா வாரம் போன்ல 'அவர் நல்லா இருக்கார், அவர் தூங்கறார், அவர் ஆபீஸ் போயிட்டார்'னு சொன்னியே?"

"நல்லாத்தான் இருக்கார். தூங்கறார். ஆபீஸ் போறார். என்கூட இல்ல, அவ்வளவுதான்." சின்னவள் சிரிக்கப் பார்த்தாள். "சண்டை எதுவும் இல்லக்கா. அடிச்சான், புடிச்சான்னு சொல்லக்கூட ஒண்ணுமில்ல. ஒரே வீட்டுல ரெண்டு பேரும் சத்தமே இல்லாம இருந்தோம். சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்ல போல."

"சண்டை போட்டா சார்ஜ் தீர்ந்துடும்னு பயந்துட்டியா?"

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். "ஏன், தீராதா?"

"அடிப்பாவி! நீ இன்னமும் அதை நம்பிக்கிட்டா இருக்க? நான் படிப்பை முடிச்சு வெளில வந்தபிறகு முதல் வேலையா அப்பாவைக் கேட்டேன். 'உங்க ரெண்டு பேரோட வாயை மூட எனக்கு வேற வழி தெரியலம்மா'ன்னுட்டார்."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வராமல் சிரித்தாள். "அம்மாவுக்காவது உண்மை தெரியுமா?"

"அம்மா மட்டும் என்னவாம். மலை ரோட்டுல இறங்கும்போது அந்த எண்ணு ஏறும் ஞாபகம் இருக்கா? பிரேக் பிடிச்சா சார்ஜ் திரும்ப வருதுன்னு அப்பா எத்தனையோ தரம் விளக்கிட்டார். அம்மா ஒத்துக்கவே இல்ல. 'மனுஷன் இறங்கறப்ப ஏறுறது உலகத்துல இது ஒண்ணுதான், இதைப் போய் ஏன்னு கேட்டுக் கெடுக்காதீங்க'ன்னுட்டா."

அம்மா அதைச் சொன்ன விதம் இருவருக்கும் நினைவு வந்தது. முன் சீட்டில், ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு, காற்றில் பறக்கிற முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. அம்மா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அதற்கப்புறம் அப்பா மலை ரோட்டுச் சவாரியை ஏற்றுக்கொண்டதே இல்லை.

பெரியவள் எழுந்தாள். மீட்டரை முதலில் தெரிந்த ஒரு பேட்டரியில் வைத்துச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்தாள். பிறகு வண்டியின் பெரிய இணைப்பில் வைத்தாள். பூஜ்யம். மறுபடியும் தெரிந்த பேட்டரியில் வைத்துப் பார்த்தாள். மீட்டரே செத்துப்போய் பூஜ்யம் காட்டினால் அதை நம்பிக் கைவைத்தவன் கதி அதோகதி.

அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. வண்டிக்கு அடியில் தூக்கு மேசையைத் தள்ளி, போல்ட்டுகளைக் கழற்றி, கட்டில் அளவுக்கு இருந்த பேட்டரி பெட்டியைக் கீழே இறக்கினாள். மூடியைத் திறந்தாள். உள்ளே மாட்யூல்கள் வரிசையாக, ஒன்றையொன்று செம்புப் பட்டைகளால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒரு மூலையில் மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி, ஒரு மாட்யூலின் முனைகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

"இதுதான் திருடன்" என்றாள்.

"இப்பதான் கரண்ட் இல்லையே, நானும் கிட்ட வந்து பாக்கட்டுமா?"

"யார் சொன்னா இல்லன்னு? வெளில போற வழியைத்தான் அடைச்சிருக்கோம். உள்ள எல்லாம் உயிரோடதான் இருக்கு. பேட்டரியை அணைக்க முடியாதுடி. துண்டு துண்டா பிரிச்சா ஒவ்வொரு துண்டுலயும் ஆளைக் கொல்ற அளவுக்கு இருக்காது, அவ்வளவுதான். நீ அங்கேயே நில்லு."

நடுவில் இருக்கிற பட்டையை முதலில் கழற்றி, திறந்த முனைகளுக்குப் பிளாஸ்டிக் தொப்பி மாட்டினாள். அடுத்த பட்டை. அதற்கும் தொப்பி. இப்படிச் சங்கிலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கிக்கொண்டே பச்சை பூத்த இடத்துக்கு வந்தாள். அங்கே நட்டு இறுகிக் கல்லாகியிருந்தது. ரப்பர் பிடி போட்ட ஸ்பேனரை மாட்டி அழுத்தினாள். அசையவில்லை. மூச்சைப் பிடித்து, தோளைக் கொடுத்து அழுத்தினாள். முகம் சிவந்தது, உடம்பு முழுவதும் நடுங்கியது.

பின்னால் நின்ற தங்கைக்கு அந்த நடுக்கம் மட்டும்தான் கண்ணில் பட்டது.

நட்டு 'டக்'கென்று விட்டுக்கொடுத்த அதே நொடியில், பெரியவளின் இடுப்பில் ஏதோ வந்து மாட்டியது. அடுத்த நொடி அவள் தரையில் மல்லாக்கக் கிடந்தாள். ஸ்பேனர் எங்கேயோ போய் விழுந்தது. தங்கை கொக்கியை விடாமல் இழுத்துக்கொண்டே பின்னால் போக, அக்கா ரப்பர் விரிப்பைத் தாண்டிச் சுவர் வரைக்கும் சாக்குமூட்டை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா! அக்கா! மூச்சு விடு! கண்ணைத் திற!"

"திறந்துதாண்டி இருக்கேன்! விடுடி கொக்கியை!"

நாடாவுக்கு வெளியே நாற்காலி உருண்டது. "என்னம்மா ஆச்சு?" என்று அப்பா கத்தினார்.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள் சின்னவள், மூச்சு வாங்க. "அக்காவைக் காப்பாத்திட்டேன்."

"எதுலேர்ந்து?"

அவள் பெட்டியைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். "ஒரு நட்டுலேர்ந்து."

பெரியவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. எழுந்திருக்க முடியாமல் தரையிலேயே கிடந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தங்கையும் பக்கத்தில் விழுந்து சிரித்தாள். பின் சீட்டில் காரணமே இல்லாமல் சிரிப்பார்களே, ஒருத்தி நிறுத்தினால் மற்றவள் தொடங்குவாளே, அந்தச் சிரிப்பு. அது அப்படியே ஓடிக்கொண்டிருக்கையில் சின்னவளின் சிரிப்பு எங்கேயோ தடம் மாறி அழுகையாகிவிட்டது. சத்தம் வராமல் இருக்க முழங்கையைக் கடித்துக்கொண்டாள்.

அக்கா கையுறையை உருவிப் போட்டுவிட்டு அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் ஆகாமலே இந்த இழுப்பு இழுத்தியே. நீ அங்க ஒட்டிக்கிட்டுத் தவிச்சப்ப ஏண்டி ஒரு குரல் கொடுக்கல? நான் வந்து இழுத்திருக்க மாட்டேனா?"

"தெரியலக்கா" என்றாள் தங்கை. "ஒட்டிக்கிட்டு இருக்கறப்ப கத்த வாய் வரமாட்டேங்குது."

பெரியவள் எழுந்து முகத்தைத் துடைத்தாள். கையுறைகளை மறுபடி காற்று பார்த்து மாட்டிக்கொண்டாள். கெட்ட மாட்யூலின் இரண்டு பக்கத்துப் பட்டைகளும் வந்தாயிற்று. முனைகளுக்குத் தொப்பி போட்டாயிற்று. சின்ன வயர்களும் கழன்றாயிற்று. இரண்டு கையாலும் அதைத் தூக்கி வெளியே எடுத்தாள். தனியே, மணல் நிரப்பிய தொட்டியின் மேல் வைத்தாள். சின்னவள் தூரத்திலிருந்தே அதை எட்டிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள இன்னும் உயிர் இருக்கா?"

"கொஞ்சம் இருக்கும். ஆனா இனிமே யாரையும் கெடுக்காது."

புது மாட்யூல் உட்கார்ந்தது. பச்சை பூத்த இடமெல்லாம் சுத்தமாயிற்று. பட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டப்பட்டன. மூடிக்குப் புது ரப்பர் போட்டு, பெட்டியை மேலே ஏற்றி, வண்டியைத் தரைக்கு இறக்கி முடிக்கிறபோது வெயில் தாழ்ந்திருந்தது. பெரியவள் சட்டைப் பையிலிருந்து சர்வீஸ் பிளக்கை எடுத்து அதன் இடத்தில் பொருத்தி, சின்ன பேட்டரியின் வயரையும் மாட்டினாள். சாவியைத் தங்கையிடம் நீட்டினாள்.

"நானா?"

"நீதான். உசிரைக் காப்பாத்தினவளாச்சே."

சின்னவள் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருகினாள். சத்தம் எதுவும் வரவில்லை. "ஓடலக்கா" என்றாள்.

"கண்ணைத் திறந்து பாரு."

சிவப்பு இல்லை. ஆமை இல்லை. பச்சை விளக்கு மட்டும் எரிந்தது.

நாடாவை அவிழ்த்ததும் அப்பா வந்தார். வழக்கம்போல டிரைவர் கதவுக்குத்தான் கை போனது. உள்ளே மகள் உட்கார்ந்திருப்பது தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டு ஒரு கணம் தயங்கினார். பிறகு பின் கதவைத் திறந்து ஏறினார். சீட்டைத் தட்டிப் பார்த்தார், அசைந்து பார்த்தார். "இத்தனை வருஷமா இந்த வண்டில பின்னால உக்காந்ததே இல்ல. இவ்வளவு இடம் இருந்துமா நீங்க சண்டை போட்டீங்க?"

பெரியவள் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"எங்க சார் போகணும்?" என்றாள் சின்னவள்.

"ரயிலடிக்குப் போம்மா. நாலு பேர் பாக்கட்டும்."

வண்டி ஷெட்டை விட்டு இறங்கித் தெருவில் கலந்தது. அப்பா வாயை மூடிக்கொண்டு வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை; அவரும் ஏமாற்றவில்லை. "பிரேக்கை மிதிக்காத, காலை எடு, போதும்." "அந்த பஸ்ஸுக்கு வழி விடு, அவன் விட மாட்டான்." கண் மங்கினாலும் ஒவ்வொரு திருப்பமும் அவருக்கு உடம்பில் தெரிந்தது. கடைவீதி தாண்டியதும் குரலை மாற்றாமலே சொன்னார்:

"நீ இங்கயே வந்துடேம்மா. அக்கா வீட்டுல மாடி ரூம் காலியாத்தான் கிடக்கு."

"எதுக்குப்பா?" என்றாள் சின்னவள்.

"நான் டாக்ஸி டிரைவர்மா. பின் சீட்டுல யார் அழறா, யார் சிரிக்கற மாதிரி அழறான்னு திரும்பிப் பாக்காமலே எனக்குத் தெரியும். போன்லயும் தெரியும். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

சின்னவள் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும் என்று அப்பாதான் சொல்லிக்கொடுத்திருந்தார். பெரியவள் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். "ரோட்டைப் பாரு" என்று மட்டும் சொன்னாள்.

ரயிலடி ஸ்டாண்டில் இப்போது எல்லாமே சத்தமில்லாத வண்டிகள். டிரைவர்கள் எல்லாம் வயசுப் பையன்கள்; அப்பாவைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் அந்தப் பழைய வண்டியைப் பார்த்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். ஒருவர் பானெட்டைத் தடவி, "இது இன்னும் ஓடுதா!" என்றார். அப்பா ஜன்னலை இறக்கிக் கதை சொல்ல ஆரம்பித்தார். பொம்மை வண்டி என்று சிரித்தவர்கள், எழுந்திருக்காத நாய், எல்லாம். பெரியவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். எத்தனையோ தரம் கேட்ட கதைதான். ஆனால் இந்த இடத்தில், இந்த சீட்டின் வாசனையோடு கேட்டு எவ்வளவு காலமாயிற்று.

ஒரு ரயில் வந்து நின்றது. கூட்டம் வெளியே வழிந்தது. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண், கையில் பெட்டியோடு நேரே இவர்கள் வண்டியிடம் வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"டாக்ஸி வருமா? பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல."

"இல்லம்மா, இது..." என்று பெரியவள் தொடங்கினாள்.

அதற்குள் பின் கதவு திறந்துவிட்டது. அப்பா இறங்கி நின்று, பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தார். "ஏறும்மா, ஏறு. குழந்தை தூங்குதா? கவலைப்படாத, சத்தமே வராது." பிறகு முன் கதவைத் திறந்து, "நீ பின்னால போய் அவங்களோட உக்காரு, நான் வழி சொல்லணும்" என்று பெரிய மகளை விரட்டினார்.

பெரியவள் இறங்கிப் பின்னால் போய், அந்தப் பெண்ணுக்கு இடம் விட்டு ஓரமாக உட்கார்ந்தாள். அப்பா முன்னால் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, சின்ன மகளைப் பார்த்துத் தலையசைத்தார்.

"கிளம்பு. மெதுவா போ."